கடுகளவு வட்டம்

அந்த மைக்ரோஸ்கோப் வந்து இறங்கிய நாளில் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "இதுவா?" மைக்ரோஸ்கோப் என்றால் ஒரு மேசையை முழுசாக அடைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டிக்கொண்டு, யாராவது பக்கத்தில் தும்மினால்கூடக் கோபித்துக்கொள்ளும் பெரிய மனுஷனாக இருக்க வேண்டும் என்று அந்தக் கண் மருத்துவமனையில் எல்லாருக்கும் ஒரு நினைப்பு. இது சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். அடியில் மேல்நோக்கிப் பார்க்கும் ஒரு லென்ஸ், அதற்கு நேர் மேலே வளைந்த தண்டில் ஒரு குட்டி விளக்கு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் வைக்க இடம். அவ்வளவுதான் அதன் சொத்து.

ஆனால் அதற்கு ஒரு வித்தை தெரியும். செல்கள் வளரும் இன்குபேட்டருக்குள்ளேயே அது போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கு முன்பெல்லாம் செல்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டுமானால் இன்குபேட்டரின் கதவைத் திறந்து, உள்ளேயிருக்கும் கதகதப்பைக் கெடுத்து, கிண்ணத்தை வெளியே எடுத்துப் பெரிய மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்க்க வேண்டும். உடம்புச் சூட்டிலேயே இருந்து பழகிய உயிருக்கு அது குளிக்கிறவனைத் தெருவில் நிறுத்தின கதை. அதனால் இரண்டு நாளைக்கு ஒரு தரம்தான் பார்ப்பார்கள். மற்ற நேரத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். இப்போது கதவைத் திறக்கவே வேண்டாம். படம் போனுக்கு வந்துவிடும்.

அந்த அறையைக் கவனித்துக்கொள்கிறவளுக்கு மருத்துவமனையில் வைத்த பெயர் வளர்ப்புத்தாய். கிண்டலாகத்தான் வைத்தார்கள், அப்படியே நிலைத்துவிட்டது. நாம் அவளை அக்கா என்று சொல்வோம். இந்தக் கதையில் அவள் முதலில் ஒருவனுக்கு அக்கா, மற்றதெல்லாம் அப்புறம்.

அக்காவின் அறை சின்னது. வெளியே எவ்வளவு இரைச்சலாக இருந்தாலும் அங்கே உள்ளே நுழைந்ததும் காது அடைத்தது போல ஆகிவிடும். ஜன்னல் கண்ணாடியில் வெயில் வராமல் பால்நிறத் தாள் ஒட்டியிருக்கும், அதனால் பகல் முழுக்க அங்கே விடியற்காலைதான். இன்குபேட்டர் ஒரு மூலையில் மெல்ல முனகிக்கொண்டே இருக்கும். செல்கள் குடிக்கும் தண்ணீர் ரோஜா நிறத்தில் வரிசையாகப் புட்டிகளில் நிற்கும். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் யாருக்கும் கண் சொருகும். அக்காவுக்குச் சொருகாது, ஆனால் விழித்துக்கொண்டே எங்கோ போய்விடுவாள். கூப்பிட்டால் இரண்டாம் தரம்தான் திரும்புவாள்.

அவளுடைய தம்பி கிரேன் ஓட்டுகிறவன். கட்டடங்களுக்குப் பக்கத்தில் வானத்தைத் தொடுகிற மாதிரி நிற்குமே, அந்தக் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதில் தனியாக உட்கார்ந்திருப்பான். காலையில் ஏறினால் மத்தியானம்தான் இறங்குவான். அப்படி இறங்கி நின்ற ஒரு மத்தியானத்தில்தான் பக்கத்தில் சிமெண்ட் சாந்து போகிற குழாய் வெடித்து, சாந்து அவன் வலது கண்ணில் அடித்தது. சிமெண்ட் கண்ணை வேக வைத்துவிடும். வலி ஆறியது, கண் மட்டும் பாலை ஊற்றினது போல வெளுத்துப்போனது. ஒரு கண்ணில் தூரம் தெரியாது என்று சொல்லி அவனைக் கிரேனில் ஏற விடவில்லை. கீழே சாமான் கிடங்கில் உட்கார வைத்தார்கள்.

"தரையில எனக்கு மூச்சு முட்டுதுக்கா," என்றான்.

கருவிழியின் விளிம்பைச் சுற்றி ஒரு வரிசை செல்கள் இருக்கின்றன. கண்ணின் மேல்தோல் தேயத் தேய அங்கிருந்துதான் புதுசு வந்துகொண்டே இருக்கும். தம்பியின் வலது கண்ணில் அந்த வரிசையே வெந்துபோயிருந்தது. மருத்துவமனையின் டாக்டரம்மா இடது கண்ணின் விளிம்பிலிருந்து ஒரு துணுக்கு எடுத்தார். அரிசியின் முனையைக் கிள்ளினால் எவ்வளவு வருமோ அவ்வளவு. அதை ஒரு மெல்லிய சவ்வின்மேல் வைத்து வளர்த்து, செல்கள் பரவிச் சவ்வை மூடியதும் வலது கண்ணில் வைத்துத் தைக்க வேண்டும். வளர்க்கிற வேலை அக்காவுடையது.

"உன் தம்பிதுன்னு கை நடுங்கும்னா இப்பவே சொல்லிடு," என்றார் டாக்டரம்மா. "நல்ல கண்ணை நான் இன்னொரு தரம் தொட மாட்டேன். இது ஒண்ணுதான். போச்சுன்னா போச்சு."

"நடுங்காது டாக்டர்," என்றாள் அக்கா. நடுங்கவும் இல்லை. கிண்ணத்தைச் சின்ன மைக்ரோஸ்கோப்பின்மேல் வைத்து, இன்குபேட்டருக்குள் தள்ளி, கதவை மூடினாள்.

"மணிக்கு ஒரு படம். விளக்கு மின்னி அணையணும், அவ்வளவுதான்," என்றார் டாக்டரம்மா. "சும்மா சும்மா எட்டிப் பாக்காதே. தொட்டில்ல தூங்கற குழந்தையை எழுப்பி எழுப்பிக் கொஞ்சற அம்மாவைப் பாத்திருக்கியா? அப்படி ஆயிடாதே."

அக்கா சிரித்தாள். அப்படிப்பட்ட அம்மாக்களை அவளுக்கும் பிடிக்காது.

முதல் சில நாள் படத்தில் ஒன்றும் இல்லை. ஓரத்தில் கருப்பாக அந்தத் துணுக்கு, மற்றபடி வெறும் சாம்பல் நிறம். பிறகு ஒரு காலையில் துணுக்கின் கரையிலிருந்து ஒரு செல் வெளியே காலை வைத்திருந்தது. தட்டையாக, ஓரமெல்லாம் நெளிநெளியாக, குளிர்ந்த தண்ணீரில் கால் வைத்துப் பார்க்கிறவர்களைப் போலத் தயங்கித் தயங்கி. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடினாள். கண் ஆறுகிற வரை தம்பி அவள் வீட்டில்தான் தங்கியிருந்தான்.

"டேய், கெளம்பிட்டாங்கடா!"

"யாரு?"

"உன் ஆளுங்கதான்!"

தம்பி இடது கண்ணைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தான். துணுக்கு எடுத்த கண் இன்னும் கலங்கி, நீர் கோத்துக்கொண்டிருந்தது.

"மேலேயிருந்து பாத்தா எல்லாரும் இப்படித்தான்கா இருப்பாங்க," என்றான். "கூண்டுல உக்காந்து பாத்தா யாருக்கும் மூஞ்சி கிடையாது. இப்படித்தான் சின்னச் சின்னதா, அது அது பாட்டுக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கும்."

அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் வேறு வேலை இல்லை. செல்களுக்குப் பெயர் வைத்தார்கள். முதலில் காலை வைத்தவனுக்கு முந்திரிக்கொட்டை. எல்லாருக்கும் முன்னால் நீட்டிக்கொண்டு போகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது? பின்னால் அகலமாக, அசையாமல், எல்லாரையும் வேலை வாங்குகிற தோரணையில் இருந்தது மேஸ்திரி. எப்போதும் ஒட்டிக்கொண்டே திரிந்த இரண்டு பேர் புது மாப்பிள்ளையும் பெண்ணும். மணிக்கு ஒரு படம் என்பதால் ஒவ்வொரு மணிக்கும் ஒரு திடுக்கிடல் இருந்தது: முந்திரிக்கொட்டை இங்கே இருந்தானே, அங்கே எப்படிப் போனான்? நடுவில் நடந்ததெல்லாம் யாருக்கும் தெரியாது. ஒரு தரம் மேஸ்திரி உருண்டையாகி, முத்து மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது. அடுத்த படத்தில் இரண்டு மேஸ்திரிகள்.

"பிரசவத்தைக் கோட்டை விட்டுட்டோம்!" என்று தலையில் அடித்துக்கொண்டான் தம்பி. "நேர்ல பாக்க முடியாதாக்கா?"

முடியும். போனில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் விளக்கு அணையாமல் எரியும், படம் நிற்காமல் ஓடும். போனை மூடுகிற வரை ஓடிக்கொண்டே இருக்கும். அக்காவுக்கு டாக்டரம்மா சொன்னது ஞாபகம் இருந்தது. ஒரு சின்ன விளக்குதானே, இவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது அதுகளுக்குத் தெரியவா போகிறது என்றும் இருந்தது. அழுத்தினாள்.

"மங்கலா இருக்குக்கா. கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டேன்."

கூட்டினாள். தம்பி கேட்டு அவள் எதை இல்லை என்று சொல்லியிருக்கிறாள்?

அப்புறம் வந்த நாள்கள் எல்லாம் ஒரே நாளாக ஓடின. போன் அடுப்படி ஜன்னலில் சாய்ந்து நின்றது. பாத்திரம் கழுவுகையில் அக்கா அதைப் பார்த்தாள், பஸ்ஸில் மடியில் வைத்துப் பார்த்தாள், மத்தியானம் பால்நிற ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து பார்த்தாள். இன்குபேட்டர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்க, அதற்குள் நடப்பதைப் போனில் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. கண்ணை எடுத்தாலும் அந்த ஊர்வலம் நிற்கவில்லை. சோப்பு நுரை தொட்டியில் ஒதுங்கி ஒதுங்கிப் போனது, அதிலும் முந்திரிக்கொட்டை இருந்தான். தெரு முனையில் ஜனங்கள் சிக்னலுக்குக் காத்து நின்று, ஒருவர் காலை வைத்ததும் எல்லாரும் நெளிந்து பரவினார்கள். ஒரு நாள் நடைபாதையில் எதிரே வந்த தடித்த மனிதரைப் பார்த்து, "மேஸ்திரி" என்று முணுமுணுத்துவிட்டாள். அவர் நிஜமாகவே மேஸ்திரியோ என்னவோ, வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்.

"பால் பொங்கி அடுப்பெல்லாம் வழியுது," என்றார் அவள் புருஷன். "அக்காவும் தம்பியும் போனுக்குள்ள குடி போயிட்டீங்களா? எனக்கும் அங்க ஒரு இடம் பாத்து வைங்க, நானும் வந்துடறேன்."

"மாமா, இங்க வந்து பாருங்க, புது மாப்பிள்ளை சண்டை போட்டுட்டுத் தனியாப் போறான்," என்றான் தம்பி.

"எல்லா வீட்லயும் நடக்கறதுதான்," என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பைத் துடைத்தார்.

மாற்றம் எப்போது தொடங்கியது என்று அக்காவால் பிறகு சொல்ல முடியவில்லை. நிற்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் எதுவும் மாறுவது தெரியாது. முந்திரிக்கொட்டையின் நடை தளர்ந்திருந்தது. யோசிக்கிறான் போல என்று இருவரும் நினைத்தார்கள். மேஸ்திரிகள் இரண்டு பேரும் கொஞ்சம் சுருங்கியிருந்தார்கள். ஓய்வெடுக்கிறார்கள் என்றார்கள். ஒரு காலை அக்கா எழுந்து போனைப் பார்த்தபோது முந்திரிக்கொட்டை நின்ற இடத்தில் சுருண்டு, ஓரமெல்லாம் குமிழ் குமிழாக வெடித்துக் கிடந்தான். அவனுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் அப்படியே. மற்றவர்கள் படத்தின் ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். சூடு சரியாக இருந்தது, காற்று சரியாக இருந்தது, ரோஜாத் தண்ணீர் நேற்றுத்தான் மாற்றியது. எல்லாவற்றையும் அவள் கையால் செய்தாள், எல்லாம் சரியாகத்தான் செய்தாள். இது ஒண்ணுதான், போச்சுன்னா போச்சு என்று டாக்டரம்மாவின் குரல் காதுக்குள் வந்து நின்றது. தம்பி பின்னால் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். அவனிடம் மறைக்க நேரம் இல்லை.

கொஞ்ச நேரம் பார்த்தான். செத்துக் கிடந்தவர்களை அவன் பார்க்கவில்லை, ஓரமாகப் போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா எல்லாரும் ஒதுங்கி ஓடறாங்க? தலைக்கு மேல சுமை தொங்கற மாதிரி?"

"என்னது?"

"கிரேன்ல சுமையைத் தூக்கி அப்படியே நிறுத்தி வெச்சோம்னா, கீழ இருக்கறவங்க இப்படித்தான் சுத்திலும் விலகிடுவாங்க. யாரும் சொல்லவே வேணாம். நடுவுல வட்டமா மொட்டையாயிடும்." சிரித்தான். "இவங்க தலைக்கு மேல என்ன தொங்குது?"

அவர்கள் தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று அக்காவுக்குத் தெரியும். வளைந்த தண்டின் நுனியில் ஒரு விளக்கு. தம்பிக்குத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டி வைத்த விளக்கு. இந்த நிமிஷம்கூட அது எரிந்துகொண்டிருந்தது, இவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருந்ததால். போனை மூடினாள். செருப்பை மாட்டினாளோ இல்லையோ, பஸ்ஸுக்கு ஓடினாள்.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூட அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"எடு. பெரிய மைக்ரோஸ்கோப்புல பாப்போம்," என்றார்.

கிண்ணத்தை எடுத்து வைத்தபோதும் அக்காவின் கை நடுங்கவில்லை. அது பழகின கை. நடுங்கியதெல்லாம் உள்ளே. டாக்டரம்மா குனிந்து பார்த்தார். திருகைத் திருகினார், கிண்ணத்தை நகர்த்தினார், மறுபடியும் நகர்த்தினார். அக்கா ஜன்னலில் ஒட்டிய தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வா. நீயே பாரு."

அக்கா குனிந்தாள். சாம்பல் நிறத்தில் செல்கள், ஒன்றோடொன்று நெருக்கி, தளம் பாவினது போல. கிண்ணத்தை நகர்த்தினாள். அங்கேயும் அப்படியே. இன்னும் நகர்த்தினாள். சவ்வின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கூட்டம் கூட்டமாக, அவள் ஒரு நாளும் பார்த்திராத, பெயர் வைக்காத, யாரும் எட்டிப் பார்க்காத ஆயிரம் ஆயிரம் பேர். தளதளவென்று இருந்தார்கள். இவர்களெல்லாம் எப்போது வந்தார்கள்? பிறகு சவ்வின் நடுவுக்கு வந்தாள். அங்கே தரை திடீரென்று முடிந்தது. நாணயத்தை வைத்துக் கோடு போட்டது போல வட்டமாக ஒரு வெட்டவெளி. நடுவில் முந்திரிக்கொட்டையும் இன்னும் சிலரும் சுருண்டு கிடந்தார்கள். மொத்தமாகக் கடுகு அளவுதான் இருக்கும்.

"விளக்கு வெளிச்சம் விழுந்த வட்டம்," என்றார் டாக்டரம்மா. "நீ பாத்த இடம் மட்டும்தான் மொட்டை. பாக்காத இடமெல்லாம் ஜோரா இருக்கு."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. முகக்கவசத்துக்குள் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"சந்தோஷப்படாதே. அந்த வட்டம் நட்ட நடுவுல இருக்கு. கண்ணுல வெச்சா பார்வை போற வழியிலேயே வரும். ஓட்டைத் துணியைக் கொண்டுபோய் நான் அங்க தைக்க முடியாது." டாக்டரம்மா விரலால் மேசையைத் தட்டினார். "மூணு நாள் தரேன். ஓரத்துல இருக்கறவங்க உள்ள வந்து மூடினா மூடட்டும். அதுக்கு மேல வெச்சா மொத்தமும் உரிஞ்சுடும். மூணு நாளும் படம் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"சரி டாக்டர்."

"மூடலைன்னா..." என்று தொடங்கி அவர் முடிக்கவில்லை.

சின்ன மைக்ரோஸ்கோப்பின் பிளக்கை அக்காவே பிடுங்கினாள். கிண்ணத்தை இருட்டில் வைத்துக் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். கதவு கதகதப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னாள். நான்தான்டா, என் ஆசைதான் என்று சொல்லும்போது குரல் உடைந்தது.

"வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னது யாரு? நான்தானே," என்றான். "விடுக்கா. ஒரு வட்டம்தானே. சுமையை நகத்திட்டோம்ல, ஆளுங்க வந்துடுவாங்க. எப்பவும் வருவாங்க."

"வரலைன்னா?"

"கிடங்குல மின்விசிறி போட்டுத் தரோம்னு சொல்லியிருக்காங்க," என்றான். அதைச் சொல்லிவிட்டு அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தூரத்தில், வீடுகளுக்கு மேலே, வேறு யாரோ ஓட்டுகிற கிரேன் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

அந்த மூன்று நாளும் போனில் ஒரு கறுப்புச் சதுரம் இருந்தது. பழக்கதோஷத்தில் அக்கா அதைத் திறப்பாள், கறுப்பைப் பார்ப்பாள், மூடுவாள். தம்பி ஒரு தரம் எட்டிப் பார்த்து, "தூங்கறாங்க, சத்தம் போடாதே" என்றான். அவள் புருஷன்கூட அடுப்படியில் பாத்திரத்தை மெல்ல வைத்தார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

இரண்டாம் நாள் மத்தியானம், தன் அறையில், அக்கா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அவளுக்கு அது வழக்கமே இல்லை. கனவில் ரோஜாத் தண்ணீருக்குள் நடந்துகொண்டிருந்தாள். சுற்றிலும் விடியற்காலை. முகம் இல்லாதவர்கள் தூரத்தில் நின்றார்கள். அவள் ஓரடி வைத்தால் அவர்கள் ஓரடி விலகினார்கள். அவள் திரும்பிப் பார்த்த இடமெல்லாம் காலியானது. கூப்பிட்டாள், இன்னும் விலகினார்கள். கடைசியில் வேறு வழி தெரியாமல் நின்ற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கணுக்காலில் ஏதோ உரசியது. தோளில் ஒன்று. முதுகில் ஒன்று. பூனை வந்து ஒட்டுகிற மாதிரி, தயங்கித் தயங்கி, ஒவ்வொன்றாக வந்து அவளைச் சுற்றி நெருங்கிக்கொண்டே இருந்தார்கள். கண்ணைத் திறக்கக் கூடாது, திறந்தால் போய்விடுவார்கள் என்று கனவிலும் அவளுக்குத் தெரிந்தது. விழித்தபோது இன்குபேட்டர் முனகிக்கொண்டிருந்தது. கைக்கு எட்டும் தூரத்தில் கதவு. ஒரே ஒரு தரம் திறந்து பார்த்தால் என்ன என்று கை எழுந்தது. எழுந்த கையை மடியில் போட்டு, மேலே இன்னொரு கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

மூன்று நாள் கழித்து டாக்டரம்மாதான் முதலில் குனிந்து பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"எங்க இருந்துது அந்த வட்டம்?" என்றார் டாக்டரம்மா.

"நட்ட நடுவுல, டாக்டர்."

"எனக்குத் தெரியலையே. நீ தேடிக் கொடு."

அக்கா தேடினாள். கிண்ணத்தை இங்கே நகர்த்தினாள், அங்கே நகர்த்தினாள். எங்கும் ஒரே தளம். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் செல்கள் கொஞ்சம் நீளநீளமாக, நாலு பக்கத்திலிருந்தும் வந்து கைகோத்துக்கொண்டது போல இருந்தன. வட்டம் இருந்ததற்கு அது ஒன்றுதான் அடையாளம். அதற்கு மேல் அவள் பார்க்கவில்லை. தானாகவே தலையை எடுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே சவ்வைத் தம்பியின் கண்ணில் வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரிப்பதற்குள் அக்கா வீட்டில் இருக்கிற கடவுளுக்கெல்லாம் லஞ்சம் பேசி முடித்திருந்தாள். பிரித்தபோது வெளுப்பு போயிருந்தது, ஆனால் எல்லாம் புகைக்குள் இருப்பது போல இருந்தது என்றான் தம்பி.

"விலகும்," என்றார் டாக்டரம்மா. "மெதுவா விலகும். வீட்ல எல்லாருமா சேந்துக்கிட்டு எந்நேரமும் 'தெரியுதா, தெரியுதா'ன்னு அவனைப் பிடுங்கி எடுக்காதீங்க." இதைச் சொன்னபோது அவர் பார்த்தது அக்காவைத்தான்.

அக்கா ஒரு தரம்கூட 'தெரியுதா' என்று கேட்கவில்லை. அவள் புருஷன்தான் விரலை நீட்டி, "மச்சான், இது எத்தனை?" என்று ஆரம்பிப்பார். அக்கா அவரைத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த அறையில் விடுவாள். தம்பியின் அறையில் திரையைப் போட்டு வைத்தாள். கண்ணில் மருந்து விடும்போதுகூட மருந்தைப் பார்த்தாள், கண்ணைப் பார்க்கவில்லை. சாப்பாடு கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஆசை இல்லாமல் இல்லை. நெஞ்சு வெடித்துவிடும் போலத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு இப்போது தன் பார்வையின்மேலேயே ஒரு பயம் வந்திருந்தது.

ஒரு காலை. திரை காற்றில் கொஞ்சம் விலகியிருந்தது. அக்கா வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு தலையணை உறையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கொக்கி கீழ வருது," என்றான் தம்பி.

"என்னடா?"

"அந்தக் கிரேன்ல. கொக்கி காலியா கீழ வருது. ஓட்டறவன் அவசரக்காரன், பாதியிலேயே திருப்பறான்."

அக்காவின் கையில் உறை நின்றுபோனது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் கொக்கி இடது கண்ணுக்கும் தெரியும்தான். அவள் திரும்பவில்லை. எந்தக் கண்ணால் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

"அக்கா."

"சொல்லு."

"எத்தனை நாளைக்கு முதுகையே காட்டிட்டு இருக்கப்போறே? இப்படித் திரும்பு."

"வேலை இருக்குடா."

"திரும்புக்கா. நீ பாத்தா ஒண்ணும் ஆகாது."

அவள் மெல்லத் திரும்பினாள். தம்பி இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்தி மூடியிருந்தான். வெந்துபோன அந்த வலது கண் மட்டும் திறந்திருந்தது. ஓரத்தில் இன்னும் கொஞ்சம் சிவப்பு, நடுவில் தெளிவு. அது அவள் முகத்தில் நின்று, நெற்றிக்குப் போய், காதோரமாக மெல்ல நகர்ந்தது.

"காதோரம் நரைச்சிருக்கே," என்றான். "ஒரு கொத்தா. எப்போக்கா இது?"

அக்கா உறையைக் கீழே வைத்தாள். ஒரு கையால் அந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் விட்டாள், மறு கையால் கண்ணைத் துடைத்தாள்.

"நீ பாக்காத நேரத்துலதான்டா," என்றாள். "எல்லாம் அப்பத்தான் வளருது."

அவன் கையை எடுக்கவில்லை. அந்த ஒரு கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். அவளும் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.